அரிய நூலும் உரிய விலையும்

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிறுவாச்சூரில், மதுரகாளியம்மன் சந்நிதி வாரந்தோறும் திங்கள், வெள்ளி ஆகிய இரு கிழமைகளில் மட்டுமே திறந்திருப்பது வழக்கம். அந்நாட்களில் மாவிளக்கு ஏற்றுவோரும் எலுமிச்சை மாலை வாங்குவோருமாகக் கோயிலைச் சுற்றிலும் கூட்டம் நிறைந்திருக்கும். அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராசப் பெருமாளைச் சேவிக்கப் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் சுற்றுவட்டாரமே திரண்டு வரும். மூவர் பாடல் பெற்ற திருமழபாடியில் பங்குனியில் நந்தியம்பெருமான் திருமணமும், கங்கைகொண்டசோழபுரத்தில் ஐப்பசிப் பௌர்ணமியன்று அன்னாபிஷேகமும் காண வருவோர் பல்லாயிரவர். இத்தகைய திருநாட்களில் பூக்கடைக்கும் பொரிகடலைக் கடைக்கும் இடையே ஒரு தார்ப்பாய் விரிப்பில் பக்தி நூல்களும் இடம்பெறுகின்றன. கந்தர் சஷ்டி கவசம், அபிராமி அந்தாதி, சிவபுராணம், திருப்பாவை, விஷ்ணு ஸஹஸ்ரநாமம் என்று சிறிதும் பெரிதுமாக அடுக்கப்பட்டிருக்கும் அவற்றுள் ஒன்றையேனும் வாங்காமல் வீடு திரும்பும் பெரியோர் குறைவு.

பூ வாங்கும்போது அது அன்று பறித்ததா என்று கேட்கிறார்கள். நெய் வாங்கும்போது கலப்பில்லாததா என்று முகர்ந்து பார்க்கிறார்கள். அபிஷேகத்துக்குரிய பால் நல்ல இடத்திலிருந்து வந்ததா என்று விசாரிக்கிறார்கள். இறைவனுக்குச் சமர்ப்பிக்கும் பொருள் நேர்மையான வழியில் வந்திருக்க வேண்டும் என்பது ஆஸ்திக மரபில் ஊறிய எண்ணம். நாள்தோறும் நாவில் வைத்துப் போற்றும் நூலைப் பற்றி மட்டும் அந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. அதனை யார் தொகுத்தார், யார் பிழை பார்த்தார், கொடுத்த பணம் யாரைச் சென்றடைந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இறைவன் நாமத்துக்கு விலை ஏது என்று கேட்பவர்களும் உண்டு. நாமத்துக்கு விலையில்லை என்பது உண்மை. அந்த நாமத்தைப் பிழையின்றிக் காகிதத்தில் ஏற்றி, கைக்கு எட்டச் செய்பவருடைய உழைப்புக்கு விலை உண்டு. இவ்விரண்டையும் பிரித்து அறிவதே நூல் வாங்குவதில் அடங்கிய அறம்.

அருள்நூல்கள் தாமே நிலைத்து நின்றுவிட்டன என்று கருதுவதற்கில்லை. தேவாரத் திருப்பதிகங்கள் தில்லையில் ஓர் அறையில் பூட்டப்பட்டுக் கிடந்ததையும், சோழ மன்னன் வேண்டுகோளின்படி நம்பியாண்டார் நம்பி முன்னின்று அந்த அறை திறக்கப்பட்டபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்ததையும் சைவ மரபு இன்றும் நினைவுகூர்கிறது. செல்லரித்தவை போக எஞ்சியவையே இன்று ஓதப்படுகின்றன. கங்கைகொண்டசோழபுரத்துக்கு அண்மையிலுள்ள காட்டுமன்னார்கோயிலில் அவதரித்த நாதமுனிகள், ஆயிரம் பாசுரங்களுள் பத்தினை மட்டும் செவியுற்று, எஞ்சியவற்றைத் தேடிக் குருகூர் வரை சென்று, நாலாயிரத்தையும் பெற்று வந்ததாக வைணவ குருபரம்பரை போற்றுகிறது. அருணகிரிநாதரின் திருப்புகழும் அவ்வாறே சிதறிக் கிடந்தது. நீதிமன்றப் பணியில் இருந்த வடக்குப்பட்டு சுப்பிரமணிய பிள்ளை, பாடல் ஒன்றைக் கேட்டு உள்ளம் உருகி, ஏட்டிலும் பிறர் நினைவிலும் இருந்தவற்றை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அச்சேற்றத் தொடங்கினார். செட்டிகுளம் மலைமீது கரும்பேந்தி நிற்கும் தண்டாயுதபாணியின் முன் இன்று ஒருவர் திருப்புகழ் பாடுகிறார் என்றால், அதற்கு அம்மனிதரின் கால்நடையும் கைப்பொருளும் காரணமாக இருக்கின்றன.

இந்த வரலாற்றில் பெரம்பலூர், அரியலூர் மண்ணுக்கும் பெருமைக்குரிய ஓர் இடம் உண்டு. தமிழ்த் தாத்தா என்று போற்றப்படும் மகாமகோபாத்தியாய உ.வே.சாமிநாதையர் 1855-இல் பிறந்த, உத்தமதானபுரத்தைச் சேர்ந்தவர் எனினும், அவர் தமிழ் கற்ற இளமைக் காலத்தின் பெரும்பகுதி இவ்வட்டாரத்திலேயே கழிந்தது. அவருடைய தந்தையார் வேங்கடசுப்பையர் உடையார்பாளையம் சமஸ்தான வித்துவானாக விளங்கிய கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். அரியலூரில் சடகோபையங்கார் என்ற ஆசிரியரிடம் தமிழ்ச் சுவையை அறிந்த சிறுவர், பின்னர்க் குன்னத்தில் பயின்றார்; கார்குடியில் கஸ்தூரி ஐயங்காரிடம் நன்னூல் கேட்டார்; செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பருங்கலக் காரிகை பாடம் கேட்டார். பின்னாளில் காரை என்ற ஊரில் திருவிளையாடற் புராணப் பிரசங்கம் செய்ததும் குடும்பத்தின் கடன் சுமையைக் குறைக்கும் பொருட்டே. இவற்றையெல்லாம் அவரே தம் சுயசரிதமாகிய ‘என் சரித்திர’த்தில் விரித்துரைத்திருக்கிறார்.

அக்காலத்தில் ஒரு நூலைப் பெறுவது எளிய செயலாக இருக்கவில்லை. ஏடு வைத்திருப்பவரின் வீட்டுத் திண்ணையில் காத்திருந்து, பார்த்துப் பிரதி செய்துகொள்ள வேண்டும். அச்சான புத்தகம் ஊரில் ஒருவர் இருவரிடமே இருக்கும். கற்பித்தவரும் கற்றவரும் பொருளில் எளியவர்கள். எனினும் புலவரின் குடும்பத்துக்கு ஊரார் நெல்லும் இடமும் தந்து ஆதரித்தனர். புராணம் கேட்டவர்கள் பிரசங்கத்தின் நிறைவில் சம்மானம் அளித்தனர். கேட்ட கதை பரமசிவனுடையது; ஆதலால் சொன்னவருக்கு ஒன்றும் தரவேண்டியதில்லை என்று எவரும் கருதவில்லை.

சாமிநாதையர் பதிப்பாசிரியரானபோது இந்த உறவு வேறு வடிவம் கொண்டது. 1887-இல் அவர் சீவக சிந்தாமணியை வெளியிட்டபோது அச்சுக்கும் காகிதத்துக்கும் ஆகும் செலவைத் தாங்கும் செல்வம் அவரிடம் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியப் பணி செய்துகொண்டே, விடுமுறைகளில் சென்னைக்குச் சென்று அச்சுத்தாள்களைத் திருத்தினார். நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாக முன்கூட்டியே அன்பர்களிடம் கையொப்பம் பெற்றார். கண்ணால் காணாத நூலுக்குத் தம் பெயரை எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுள் பலர் சைவர். நூலோ சமண காவியம். தமிழ் வாழவேண்டும் என்ற எண்ணத்தால் கொடுத்த அந்தக் கையொப்பங்கள் இல்லையெனில், அடுத்தடுத்துப் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் வெளிவருவதற்குரிய துணிவு அவருக்கு எளிதில் வாய்த்திராது. நூலை வாங்குவது அதனைத் தாங்குவதற்கு ஒப்பாகும் என்பதை அந்தத் தலைமுறை அறிந்திருந்தது.

இன்று நிலை வேறு. நூல்கள் பெருகியிருக்கின்றன, வழிகளும் பெருகியிருக்கின்றன. ஆகவே எது தகும், எது தகாது என்று அறிவதற்குச் சட்டத்தின் வரம்பைச் சிறிது தெரிந்துகொள்வது நலம். இந்தியாவில் நூலாசிரியரின் உரிமை அவர் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் வரையிலும் நீடிக்கும். அதன்பின் அந்நூல் பொதுச்சொத்தாகிவிடும். அரசு விலை கொடுத்து உரிமையை ஏற்று நாட்டுடைமையாக்கிய நூல்களும் பொதுவே. பாரதியார் பாடல்களின் உரிமையை 1949-இல் சென்னை அரசு ஏற்று, பின்னர் மக்களுக்கு உரித்தாக்கியதைப் பெரியோர் பலர் அறிவார்கள். தேவாரமும் திவ்யப் பிரபந்தமும் எவருடைய தனிச்சொத்தும் ஆகா. ஆனால் அவற்றுக்கு அண்மைக் காலத்தில் ஒருவர் எழுதிய உரை அவ்வாறன்று. மூலம் அனைவருக்கும் உரியது. உரை எழுதியவருக்கும் அவர் குடும்பத்துக்கும் உரியது.

சட்டம் விடுவித்த இடத்திலும் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு வாங்குபவரிடம் இருக்கிறது. சாமிநாதையர் 1942-இல் மறைந்தார். அவர் வாழ்நாளில் வெளியிட்ட நூல்களை இன்று எவரும் அச்சிடலாம், பலர் அச்சிடுகிறார்கள், அதில் குற்றமில்லை. எனினும் அவர் பெயரால் 1943-இல் நிறுவப்பெற்று, சென்னை பெசன்ட் நகரில் இயங்கிவரும் நூல்நிலையம் ஒன்று உண்டு. அவர் அரும்பாடுபட்டுத் தேடிய ஓலைச்சுவடிகளைப் பாதுகாப்பதும், அவருடைய பதிப்புகளை வெளியிடுவதும் அந்நிலையத்தின் பணி. ஒரே நூலை இரண்டு இடங்களில் வாங்க முடியும் என்னும்போது, சுவடிகளைக் காக்கும் இடத்தில் வாங்கினால் அந்தப் பணம் அந்தப் பணிக்குத் துணையாகும். தஞ்சை சரசுவதி மகால் நூலகமும் தன் சுவடிகளிலிருந்து பதிப்பித்த நூல்களைத் தானே விற்பனை செய்கிறது. அரியலூரிலிருந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்பவர் அங்கும் சென்று ஒரு நூல் வாங்கி வருவது அரிய செயலன்று.

இந்த வேறுபாடு ஏட்டளவில் எளிதாகத் தோன்றும். வாழ்க்கையில் வரும்போதுதான் அதன் கடுமை விளங்கும். அரியலூர்ப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குச் சதாபிஷேகம் நிச்சயிக்கப்பட்டது. திருக்கடையூரில் வைபவம் என்பதால், வருபவர்களுக்குத் தாம்பூலப் பையில் அபிராமி அந்தாதி உரைநூல் ஒன்றை வைத்துக் கொடுப்பதென்று குடும்பத்தார் தீர்மானித்தனர். சென்னையிலிருந்த மகன், தமக்குப் பிடித்த ஓர் உரைநூலைப் பக்கம் பக்கமாகக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்பினார். உள்ளூர் அச்சகத்தில் 300 படிகளுக்கு, படி ஒன்று 25 ரூபாய் வீதம், 7,500 ரூபாய் ஆகும் என்று கணக்குச் சொன்னார்கள். முதற்பக்கத்தில் தம்பதியரின் படம். கடைசிப் பக்கத்தில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள். உரை எழுதியவரின் பெயருக்கு அதில் இடம் இல்லை.

அச்சகத்திலிருந்து பிழைதிருத்தத்துக்கு வந்த முதல் சில பக்கங்களைத் தலைமையாசிரியர் பழைய வழக்கப்படி சிவப்பு மையுடன் எடுத்து அமர்ந்தார். அம்மையின் தாள் பணிதல் என்று உரையில் இருந்த இடம் தால் பணிதல் என்று அடிக்கப்பட்டிருந்தது. தாள் என்பது திருவடி. தால் என்பதோ நாக்கு. நான்கு பக்கங்களுக்குள் இவ்வாறான பிழைகள் ஒன்பது. மூலநூலில் இவற்றுள் ஒன்றும் இல்லை. அங்கே ஒருவர் எழுத்தெண்ணிப் பார்த்திருக்கிறார் என்பது அவருக்கு அப்போது விளங்கியது. மகன் அனுப்பிய படங்களுள் தலைப்பக்கத்தின் பின்புறத்தைத் தேடி எடுத்துப் படித்தார். நூலாசிரியர் பெயரும், பதிப்பகத்தின் முகவரியும், உரிமை ஆசிரியருக்கே என்ற வரியும் அங்கே இருந்தன.

“புண்ணிய காரியத்துக்குத்தானே கொடுக்கிறோம், அப்பா? விற்றுப் பணம் பண்ணப் போகிறோமா? யார் வந்து கேட்கப் போகிறார்கள்?” என்று மகன் தொலைபேசியில் கேட்டார்.

“யாரும் கேட்கமாட்டார்கள் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. பக்கத்துத் தோட்டத்துப் பூவைச் சொல்லாமல் பறித்துச் சுவாமிக்கு வைத்தால் உன் பாட்டி என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்” என்றார் தந்தை.

மகன் அத்துடன் விடவில்லை. பதிப்பகத்தில் வாங்கினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று வினவினார். அதுவும் நியாயமான கேள்வியே. தலைமையாசிரியர் பதிப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். பத்து நாட்களில் பதில் வந்தது. நூலின் விலை 60 ரூபாய். மொத்தமாக வாங்கினால் கழிவு போக 42 ரூபாய்க்குத் தருவதாகவும், வைபவச் செய்தியைத் தனித்தாளில் அச்சிட்டு உள்ளே வைத்துக் கொடுக்க இசைவதாகவும் எழுதியிருந்தார்கள். உரையாசிரியர் மறைந்துவிட்டார் என்பதும், ஆண்டுதோறும் அவருடைய மனைவிக்கு உரிமைத்தொகை அனுப்பப்படுகிறது என்பதும் அக்கடிதத்தால் தெரியவந்தன.

300 படிகளுக்கு 12,600 ரூபாய் ஆகும். அத்தனை பணம் அதற்கென ஒதுக்கப்படவில்லை. தலைமையாசிரியரின் மனைவி அழைப்பிதழ்ப் பட்டியலை எடுத்து வந்து, தலைக்கு ஒன்று என்பதை விட்டு வீட்டுக்கு ஒன்று என்று எண்ணினார். 180 வீடுகள். 180 படிகளுக்கு 7,560 ரூபாய். அச்சகத்தில் கேட்ட தொகைக்கும் இதற்கும் 60 ரூபாயே வேறுபாடு. “ஒரே வீட்டில் மூன்று புத்தகம் இருந்து என்ன பயன்? ஒன்றை மூவரும் படித்தால் போதாதா?” என்று அந்த அம்மையார் கேட்டதோடு பேச்சு முடிந்தது. நூலின் விலையில் பத்தில் ஒரு பங்கு என்று கணக்கிட்டால்கூட, எங்கோ ஓர் ஊரில் வாழும் அந்த முதியவளுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் சென்றிருக்கும். சதாபிஷேகத்துக்கு வந்து வணங்கியவர்களைப் போலவே அவளும் அந்த வைபவத்தில் பங்குபெற்றவள் ஆனாள். அச்சகத்தாருக்கும் இழப்பில்லை, அழைப்பிதழும் உள்ளே வைக்கும் தனித்தாளும் அவரிடமே அச்சிடப்பட்டன.

மணிவிழாவுக்கும் சதாபிஷேகத்துக்கும் நூல் வழங்கும் நல்வழக்கம் எங்கும் பரவியிருப்பதால், இந்நிகழ்ச்சி பல குடும்பங்களுக்கும் பொருந்தும். வழங்க விரும்புவோர்க்கு இரண்டு நேர்வழிகள் உண்டு. மூலப் பாடல்களை மட்டும் வெளியிடுவதானால், நல்ல பதிப்போடு ஒப்பிட்டு, தமிழறிந்தவர் ஒருவரைக் கொண்டு பிழை பார்த்து, அவருக்கும் உரிய சன்மானம் தந்து அச்சிடலாம். உரையும் வேண்டுமெனில், அதனை வெளியிட்டவரிடமே வாங்கி வழங்கலாம். அல்லது எழுதிக் கேட்டு இசைவு பெறலாம். ஓர் அஞ்சல் அட்டையில் முடியும் காரியம் அது.

இனி, எங்கே வாங்குவது என்ற கேள்வி. 100 ரூபாய் நூல் ஒன்றில், பொதுவான வழக்கப்படி, ஆசிரியருக்குச் சுமார் 10 ரூபாயும், விற்பனையாளருக்கு 25 முதல் 35 ரூபாய் வரையும் செல்லும். காகிதம், அச்சு, கட்டுமானம், பிழைதிருத்தம், வண்டிக்கூலி, விற்காமல் தேங்கும் படிகளின் இழப்பு ஆகியவை எஞ்சியதிலிருந்து போக வேண்டும். கடைத்தெருவில் சிறிய புத்தகக் கடை வைத்திருப்பவர் அந்தப் பங்கிலிருந்தே வாடகை கொடுக்கிறார், மின்கட்டணம் செலுத்துகிறார். இணையத்தில் பெருநிறுவனங்கள் தரும் பெருங்கழிவை அவரால் தர இயலாது. ஆயினும் முதியவர் ஒருவர் கடைக்குச் சென்று, கண்ணுக்குத் தெரியும் அளவில் பெரிய எழுத்துப் பதிப்பு வேண்டும் என்று சொன்னால், நான்கு பதிப்புகளை எடுத்து விரித்துக் காட்டக்கூடியவர் அவரே. கையிலெடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குச் சென்று பத்து ரூபாய் குறைவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்குவது சட்டப்படி பிழையாகாது. அவருடைய நேரத்தையும் இடத்தையும் பயன்படுத்திக்கொண்டு வெறுங்கையோடு அனுப்புவது நன்றியாகவும் ஆகாது. அக்கடை ஒருநாள் மூடப்படுமானால், கைப்பேசியில் வாங்கத் தெரியாத முதியோரே முதலில் துன்புறுவர்.

அதற்காக இணையவழி வாங்குவதை முற்றும் விலக்க வேண்டியதில்லை. முழங்கால் வலியோடு பேருந்தேறிக் கடைக்குச் செல்ல இயலாதவர்கள் உண்டு. அவர்கள் பதிப்பகத்துக்கே எழுதியோ, பிள்ளைகளைக் கொண்டு பதிப்பகத்தின் இணையப் பக்கத்திலோ வாங்கலாம். கல்வி, சமய, பண்பாட்டு நூல்களைக் குறைந்த கட்டணத்தில் அனுப்புவதற்கென்றே 2025-ஆம் ஆண்டு மே 1 முதல் அஞ்சல் துறை ‘ஞான் போஸ்ட்’ என்ற சேவையைத் தொடங்கியது. தொடக்கத்தில் வகுத்த கட்டணம், வரி நீங்கலாக, 300 கிராம் வரை 20 ரூபாய். 5 கிலோ வரை 100 ரூபாய். அண்டை வீட்டார் நால்வர் சேர்ந்து ஒரே பொதியாக வரவழைத்தால் செலவு மேலும் குறையும். இரு மாவட்டங்களிலும் புத்தகத் திருவிழாக்கள் நடைபெறுகின்றன. ஆண்டுக்கு வேண்டிய நூல்களைப் பட்டியலிட்டுக்கொண்டு அங்கே சென்றால், பதிப்பாளரிடமே நேரில், உரிய கழிவோடு வாங்கலாம்.

எங்கே வாங்கினாலும் ஒரு வழக்கத்தை மேற்கொள்வது நன்று. தலைப்பக்கத்தின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பதிப்பகத்தின் பெயர், முகவரி, பதிப்பு ஆண்டு, அச்சகம் ஆகியவை அங்கே இருத்தல் முறை. அவை இல்லாமலோ, எழுத்து மங்கியோ, ஓரங்கள் வெட்டுண்டோ, பக்கங்கள் கோணலாகவோ இருந்து, விலை மட்டும் மிக மலிவாக இருந்தால், அது களவாக அச்சிட்ட நூலாக இருக்கலாம். அதனை விற்கும் எளியவரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. வாங்காமல் நகர்வதே போதும்.

மலிவாக இருப்பதெல்லாம் களவு என்று எண்ணிவிடவும் கூடாது. கோரக்பூரில் 1923-இல் தொடங்கப்பெற்ற கீதா பிரஸ், கீதையையும் இதிகாச புராணங்களையும் தமிழ் உட்படப் பல மொழிகளில் மிகக் குறைந்த விலைக்கு வழங்கி வருகிறது. அதற்கு 2021-ஆம் ஆண்டுக்குரிய காந்தி அமைதிப் பரிசு அறிவிக்கப்பட்டபோது, பரிசின் பெருமையை ஏற்று, ஒரு கோடி ரூபாய்த் தொகையை ஏற்க மறுத்துவிட்டது. கொள்ளிடத்துக்கு அக்கரையிலுள்ள திருப்பனந்தாள் காசிமடம் திருமுறைகளைக் குறைந்த விலையில் பதிப்பித்துத் தந்திருக்கிறது. ஸ்ரீராமகிருஷ்ண மடத்தின் வெளியீடுகளும் அத்தகையவை. இங்கெல்லாம் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம், வேறொருவர் மனமுவந்து அச்சுமையைத் தாங்குவதேயாகும். கைப்பேசியில் கிடைப்பவற்றுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகெங்கும் உள்ள தமிழன்பர்கள் ஊதியமின்றித் தட்டச்சு செய்து, பழைய இலக்கியங்களை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். அவற்றை மனநிறைவோடு எடுத்துப் படிக்கலாம். சென்ற ஆண்டு வெளிவந்த ஓர் உரைநூலை எவரோ படமெடுத்து, குழுவில் உள்ள இருநூறு பேருக்கும் அனுப்பினால் அது வேறு. முன்னது தம் உழைப்பைத் தாமே கொடுத்த தானம். பின்னது பிறர் உழைப்பை எடுத்துக் கொடுப்பது.

ஓய்வூதியமும் இன்றி வாழும் முதியவருக்கு நூல் வாங்குவது எவ்வாறு இயலும் என்ற கேள்விக்கும் விடை உண்டு. வாங்க இயலாதவர் இரவல் வாங்கிப் படிப்பதில் குறையொன்றும் இல்லை. சாமிநாதையரே அவ்வாறு பயின்றவர். தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948-இல் இயற்றப்பட்டது. வீட்டு வரியோடு செலுத்தும் நூலக வரியால் கிளை நூலகங்கள் இயங்குகின்றன. அங்கே ஒரு திருமுறைத் தொகுதி இல்லையெனில், வேண்டும் என்று நூலகரிடம் எழுதிக் கொடுக்கலாம். வசதியுள்ளவர் ஒரு படி கூடுதலாக வாங்கி நூலகத்துக்கோ கோயில் மண்டபத்தில் நடைபெறும் முற்றோதல் குழுவுக்கோ அளிக்கலாம். அந்த ஒரு நூலால் பலர் பயனடைவர்.

வாங்கிய நூல் இறுதியில் எங்கே செல்கிறது என்பதும் எண்ணத்தக்கது. ஆடிப் பதினெட்டில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட காலம் ஒன்று இருந்தது. கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் ஏடு தேடிச் சென்ற சாமிநாதையரிடம், சிதைந்த சுவடிகளை நெய்யில் தோய்த்து அக்கினியில் ஆகுதியாக இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். பக்தியால் செய்த காரியந்தான். எரிந்தவற்றில் என்னென்ன நூல்கள் இருந்தன என்பது எவருக்கும் தெரியாது. இன்று அந்த இடத்தைப் பழைய பேப்பர்க் கடையின் தராசு பிடித்துக்கொண்டிருக்கிறது. பாட்டனார் குறிப்பெழுதிப் படித்த பெரியபுராணம், வீடு மாறும்போது செய்தித்தாள்களோடு எடைக்குப் போகிறது. முதியோர் தம் நூல்கள் யாருக்குச் சேரவேண்டும் என்பதைத் தாம் நலமாக இருக்கும்போதே பிள்ளைகளிடம் சொல்லி, நூலின் உட்புறத்தில் எழுதியும் வைப்பது நல்லது. பழைய நூல்களை விலைக்கு வாங்கி, படிப்பவர் கையில் சேர்க்கும் பழம்புத்தக வியாபாரியும் ஒரு வகையில் ஏடு காப்பவரே. அவரிடம் வாங்குவது குறைவான செயலன்று.

வித்தியாதானத்தைப் புராணங்கள் மிகவும் சிறப்பித்துப் பேசுகின்றன. பாகவதம், தன்னைப் பொற்சிம்மாசனத்தில் வைத்துப் புரட்டாதிப் பௌர்ணமியில் தானம் செய்பவர் பெறும் உயர்கதியைத் தன் இறுதி ஸ்கந்தத்தில் எடுத்துரைக்கிறது. பொன்னாலான ஆசனம் இக்காலத்தில் எல்லோர்க்கும் இயலாது. நூலைத் தந்தவர்க்கும் எழுதியவர்க்கும் உரியதைக் குறைக்காமல் கொடுப்பது எல்லோர்க்கும் இயலும்.

நவராத்திரியின் நிறைவில் வீடுதோறும் நூல்களை அடுக்கி, சந்தனம் குங்குமம் இட்டுச் சரசுவதி பூசை செய்கிறார்கள். இந்த ஆண்டு அவ்வாறு அடுக்கும்போது, ஒவ்வொரு நூலையும் எடுத்து, அதன் தலைப்பக்கத்தைத் திருப்பி, பதிப்பித்தவர் பெயரை ஒருமுறை வாய்விட்டுப் படிக்கலாம். அருகில் நிற்கும் பேரக்குழந்தை, இவர் யார் என்று கேட்கக்கூடும். அந்தக் கேள்விக்குச் சொல்லும் விடையும் பூசையைச் சேர்ந்ததே. கலைமகள் அனைவருக்கும் அருள்புரிவாளாக.